பூட்டிய அறைக்குள் பன்னிரண்டு பேர்!

கொலை வழக்கில் ஜூரர்கள் தனி அறையில் என்ன பேசினார்கள்? வெளியே சொன்னால் சிறை! சொல்லாமல் இருந்தால் ஒரு நிரபராதி சிறையில் வாடக்கூடும்! இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்ட கோர்ட்டுகளின் கதை இது.

பிரைட்டன், இங்கிலாந்தின் தென்கடற்கரையில் உள்ள உல்லாச நகரம். அங்கே "ஓல்ட் ஷிப்" என்று ஒரு பழைய ஹோட்டல்.

இரவு நேரம். ஹோட்டலில் ஓர் அறையில் நான்கு பேர் கூடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் காகிதத் துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் ஓர் எழுத்து. நடுவே கவிழ்த்து வைத்த கண்ணாடித் தம்ளர். அதன் மீது ஆளுக்கு ஒரு விரல்.

ஆவியே, வந்திருக்கிறாயா என்று கேட்டார்கள்.

தம்ளர் நகர்ந்தது. எழுத்து எழுத்தாகத் தொட்டுச் சென்றது. எழுத்துக்களைக் கூட்டிப் பார்த்தார்கள். கொலையுண்ட ஒருவரின் பெயர் வந்தது.

உன்னைக் கொன்றது யார் என்று கேட்டார்கள். தம்ளர் இன்னொரு பெயரைக் காட்டியது. நாளைக்கு "குற்றவாளி" என்றே சொல்லுங்கள் என்றும் அது கட்டளை இட்டதாம்!

பொழுது போகாமல் ஆவி விளையாட்டு விளையாடிய உல்லாசப் பயணிகள் அல்ல அந்த நால்வரும். ஓர் இரட்டைக் கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஜூரர்கள்! தம்ளர் காட்டிய பெயர், அந்த வழக்கில் கூண்டில் நின்ற எதிரியின் பெயர்!

இது கட்டுக்கதை அல்ல. 1994-ம் ஆண்டு மார்ச் மாதம் நடந்த சம்பவம். இங்கிலாந்தின் சட்டப் புத்தகங்களில் ஏறிவிட்ட சம்பவம்.

இரட்டைக் கொலை

சசெக்ஸ் பகுதியில் வாட்ஹர்ஸ்ட் என்று ஒரு கிராமம். 1993-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அங்கே ஒரு கணவனும் மனைவியும் தங்கள் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

கணவர் கார் வியாபாரி. மனைவி இளம் பெண். குண்டு பாய்ந்த நிலையிலும் அந்தப் பெண் தட்டுத் தடுமாறி டெலிபோனை எடுத்து அவசர உதவியை அழைத்தார். வாயில் வார்த்தை வரவில்லை. ஏதோ குழந்தை டெலிபோனை எடுத்து விளையாடுகிறது என்று எதிர்முனையில் நினைத்து விட்டார்கள். உதவி வரவில்லை. ஊரே உருகிய சாவு அது.

ஸ்டீபன் யங் என்ற இன்ஷூரன்ஸ் தரகர் கைது செய்யப்பட்டார். அவருக்குக் கடன் தொல்லை. பணத்துக்காகக் கொன்றார் என்பது போலீசாரின் வழக்கு. நான் கொல்லவில்லை என்பது அவருடைய வாதம்.

ஹோவ் நகரக் கோர்ட்டில் விசாரணை நடந்தது. சாட்சிகள் வந்தார்கள், வக்கீல்கள் வாதாடினார்கள். முடிவில் பன்னிரண்டு ஜூரர்களும் ஆலோசனை அறைக்குச் சென்றார்கள். அன்று முடிவு ஏற்படவில்லை. மாலையாகி விட்டது.

அந்தக் காலத்துச் சட்டப்படி, ஆலோசனைக்குப் போன ஜூரர்கள் தீர்ப்புச் சொல்லும் வரை வீட்டுக்குப் போகக் கூடாது. கோர்ட்டுச் சேவகர்களின் காவலில் ஒரு ஹோட்டலில் தங்க வேண்டும். அங்கே வழக்கைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. மறுநாள் காலை கோர்ட்டுக்குத் திரும்பிய பிறகுதான் பேச்சைத் தொடர வேண்டும்.

அப்படித் தங்கிய இரவில்தான் தம்ளர் நகர்ந்தது!

மறுநாள் ஜூரர்கள் ஏகமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள்: "குற்றவாளி!"

யங்குக்கு ஆயுள் தண்டனை. வழக்கு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஹோட்டலில் நடந்த விஷயத்தை ஜூரர் ஒருவர் ஒரு வக்கீலிடம் சொல்லி விட்டார். பத்திரிகையிலும் செய்தி வெடித்தது. யங்கின் தரப்பில் அப்பீல் போட்டார்கள்.

இங்கேதான் சிக்கல். ஜூரர்கள் தங்களுக்குள் என்ன பேசினார்கள் என்று கேட்பதே இங்கிலாந்தில் குற்றம்! அதை விசாரிக்கக் கோர்ட்டுக்கே உரிமை உண்டா?

ஜூரர் என்பவர் யார்?

நம் பெரியவர்களுக்கு ஜூரர் என்ற சொல் புதிதல்ல. இளைஞர்களுக்காகச் சொல்கிறோம்.

ஜூரர்கள் சட்டம் படித்தவர்கள் அல்ல. கடைக்காரர், ஆசிரியை, பஸ் டிரைவர், குடும்பத் தலைவி என்று யாராகவும் இருக்கலாம். இங்கிலாந்தில் வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கிறார்கள். சட்டத்தை நீதிபதி விளக்குவார். ஆனால் கொலை செய்தது இவன்தானா, இல்லையா என்று முடிவு கட்டுவது ஜூரர்களே.

அவர்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை. "குற்றவாளி" அல்லது "குற்றவாளி அல்ல". அவ்வளவுதான்.

சென்னை ஐகோர்ட்டிலும் ஒரு காலத்தில் கொலை வழக்குகள் ஜூரர்கள் முன்னிலையில் நடந்தன. 1944-ம் ஆண்டு நவம்பரில் பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தன் வேப்பேரியில் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அந்த வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும், என். எஸ். கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று சொன்னவர்கள் ஜூரர்கள்தான். இரண்டு பேருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை அப்பீல் சென்றது. அங்கிருந்து மீண்டும் சென்னைக்கு வந்து, 1947-ம் ஆண்டு விடுதலை ஆனார்கள். அதற்குள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்து விட்டன. தமிழ்நாடே தலைமேல் வைத்துக் கொண்டாடிய இரண்டு கலைஞர்களின் வாழ்வு, அந்தச் சில ஜூரர்களின் ஒரு சொல்லில் திசை மாறியது.

ஒரு மனிதனின் உயிரையும் மானத்தையும் இப்படிக் கையில் வைத்திருப்பவர்கள் தனி அறையில் என்ன பேசினார்கள் என்று தெரிந்துகொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது?

பட்டினி போட்ட நீதிபதிகள்

அந்த அறைக்குக் கதவும் காவலும் ஏன் வந்தன? 350 ஆண்டுகளுக்கு முன்னால் போவோம்.

1670-ம் ஆண்டு. லண்டன் தெருவில் கூட்டம் கூட்டிப் பிரசங்கம் செய்தார்கள் என்று வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இருவர் மீது வழக்கு. இந்தப் பென்தான் பிற்காலத்தில் அமெரிக்காவில் பென்சில்வேனியாவை நிறுவியவர்.

எப்படியாவது தண்டித்துவிட வேண்டும் என்று நீதிபதிகள் துடித்தார்கள். ஜூரர்கள் இணங்கவில்லை. நீதிபதிகளுக்குக் கோபம் வந்தது. சோறு இல்லை, தண்ணீர் இல்லை, குளிர் காய நெருப்பு இல்லை, இரவு முழுவதும் அடைத்துப் போடுங்கள் என்று உத்தரவிட்டார்கள்.

இரண்டு இரவுகள் கிடந்தார்கள். அப்போதும் "குற்றவாளி அல்ல" என்றே சொன்னார்கள்!

தலைக்கு 40 மார்க் அபராதம். கட்டாதவர்களுக்குச் சிறை. எட்வர்ட் புஷல் என்ற ஜூரரும் இன்னும் மூவரும் கட்ட மறுத்துச் சிறையிலேயே இருந்தார்கள். கடைசியில் தலைமை நீதிபதி வாகன் அவர்களை விடுவித்தார். தீர்ப்புச் சொன்னதற்காக ஜூரரைத் தண்டிக்கக் கூடாது என்று சட்டம் நிலைத்தது. அவர்களுடைய தைரியத்தைப் போற்றும் கல்வெட்டு இன்றும் லண்டன் ஓல்டு பெய்லி கோர்ட்டில் இருக்கிறது.

அன்று பயம் அரசனிடமும் நீதிபதியிடமும். பிற்காலத்தில் பயம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. கொலைகாரனின் கூட்டாளிகள், செத்தவனின் உறவினர், ஊரார், பத்திரிகைகள்.

"நீ எந்தப் பக்கம் கை தூக்கினாய்?" என்று நாளைக்குத் தெருவில் யாராவது மறித்துக் கேட்பார்கள் என்று தெரிந்தால், ஜூரர் மனம் விட்டுப் பேசுவாரா? எல்லோரும் குற்றவாளி என்னும்போது, தனியாக ஒருவர் "எனக்குச் சந்தேகமாக இருக்கிறது" என்று சொல்லத் துணிவாரா?

அந்த ஒருவருக்காகத்தான் கதவு.

பூவா, தலையா?

ஆனால் அதே கதவுக்குப் பின்னால் அக்கிரமம் நடந்தால்?

1785-ம் ஆண்டு லண்டனில் ஒரு சிவில் வழக்கு. ஜூரர்களுக்குள் ஒற்றுமை ஏற்படவில்லை. எனவே காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்துத் தீர்ப்புச் சொல்லி விட்டார்கள்! இரண்டு ஜூரர்கள் பின்னால் மனம் கேளாமல் சத்தியம் செய்து இதை எழுதிக் கொடுத்தார்கள்.

நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு அதை ஏற்கவில்லை. ஜூரரே வந்து தன் தவற்றைச் சொல்லித் தீர்ப்பைக் கவிழ்க்க முடியாது என்றார். ஜன்னல் வழியாகப் பார்த்த வெளியாள் யாராவது சொன்னால் பார்க்கலாம் என்றார்!

உள்ளே இருந்தவர் சொல்லக் கூடாது. எட்டிப் பார்த்தவர் சொல்லலாம்! வேடிக்கையாக இல்லையா? ஆனால் இந்த விதிதான் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வேரூன்றியது.

நாய் செத்த வழக்கு

அப்போதும், வாய் திறந்த ஜூரரைச் சிறையில் போட எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. அது பிறந்ததற்குக் காரணம் ஓர் அரசியல் தலைவரின் வழக்கு.

ஜெரிமி தார்ப், பிரிட்டிஷ் லிபரல் கட்சியின் தலைவராக இருந்தவர். தமக்கு வேண்டாத ஒருவரைக் கொல்லச் சதி செய்தார் என்று அவர் மீது குற்றச்சாட்டு. 1975-ம் ஆண்டு கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆள் துப்பாக்கியுடன் சென்றான். முதல் குண்டில் அந்த மனிதரின் நாய் செத்தது. அடுத்துச் சுடப் பார்த்தபோது துப்பாக்கி மக்கர் செய்தது. மனிதர் பிழைத்தார்.

1979-ம் ஆண்டு ஓல்டு பெய்லியில் விசாரணை. ஜூன் 22-ந் தேதி தார்ப் விடுதலை ஆனார். உலகமே பேசிய வழக்கு.

அடுத்த மாதமே "நியூ ஸ்டேட்ஸ்மன்" பத்திரிகை ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. பெயர் சொல்லாத ஜூரர் ஒருவரின் பேட்டி! எந்தச் சாட்சியை நம்பினோம், எவரை நம்பவில்லை என்ற விவரம் எல்லாம் வெளிவந்தது.

கோர்ட்டு அவமதிப்பு என்று சர்க்கார் தரப்பில் வழக்குத் தொடுத்தார்கள். 1980-ம் ஆண்டு அது தள்ளுபடி ஆயிற்று. உடனே பார்லிமெண்டு விழித்துக்கொண்டது. 1981-ம் ஆண்டு கோர்ட்டு அவமதிப்புச் சட்டத்தில் 8-வது பிரிவு பிறந்தது. ஜூரர்கள் ஆலோசனையில் பேசியதையும், ஓட்டுப் போட்டதையும் வெளியிடுவது குற்றம். கேட்பதும் குற்றம் என்று அந்தப் பிரிவு சொன்னது.

ஹோட்டலா? அறையா?

இப்போது தம்ளர் வழக்குக்குத் திரும்புவோம்.

அப்பீல் கோர்ட்டில் தலைமை நீதிபதி டெய்லர் பிரபு முன்னால் இந்த 8-வது பிரிவு மலைபோல் நின்றது. ஆலோசனையைத் தொடக் கூடாது. சரி, ஹோட்டல் அறையில் நடந்தது ஆலோசனையா?

இல்லை என்றது கோர்ட்டு. ஹோட்டலில் வழக்கைப் பற்றிப் பேசவே கூடாது என்பதுதானே உத்தரவு! ஆகவே அங்கே நடந்தது ஆலோசனை ஆகாது. அதை விசாரிக்கலாம். ஆனால் மறுநாள் காலை ஜூரர் அறையில் என்ன பேசினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாது!

அப்படியே விசாரித்தார்கள். ஜூரர்களிடம் பிரமாண வாக்குமூலம் வாங்கினார்கள். ஆவி விளையாட்டு நடந்தது உண்மை என்று தெரிந்தது. சிலருடைய மனத்தை அது மாற்றியிருக்கக் கூடும் என்று நீதிபதிகள் கருதினார்கள். 1994-ம் ஆண்டு அக்டோபரில் தீர்ப்பு ரத்தாயிற்று. மறு விசாரணைக்கு உத்தரவாயிற்று.

மறு விசாரணை ஓல்டு பெய்லியில் நடந்தது. புதிய ஜூரர்கள் டிசம்பரில் தீர்ப்புச் சொன்னார்கள். அதே தீர்ப்பு: "குற்றவாளி!"

தம்ளர் காட்டிய பெயரும் சாட்சியம் காட்டிய பெயரும் ஒன்றுதானே, பிறகு எதற்கு இவ்வளவு பாடு என்று சிலர் கேட்கலாம்.

கூண்டில் ஏறிய சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். பொய் சொன்னால் மடக்கலாம். ஆவியைக் கூண்டில் ஏற்ற முடியுமா? எதிரியின் காதில் விழாத சாட்சியத்தால் ஒருவனைச் சிறைக்கு அனுப்பினால், அது நீதி ஆகாது. முடிவு சரியாக இருந்தாலும் வழி தவறு.

வழக்கைத் தொடர்ந்து ஒரு நல்லதும் நடந்தது. ஆலோசனை தொடங்கிய பிறகும் ஜூரர்களை இரவில் வீட்டுக்கு அனுப்ப, அதே 1994-ல் சட்டம் இடம் கொடுத்தது.

மனசாட்சி எழுதிய கடிதம்

யங்கின் வழக்கில் குற்றம் ஹோட்டலில் நடந்ததால் வெளிச்சத்துக்கு வந்தது. அறைக்குள் நடக்கும் அநியாயத்துக்கு என்ன வழி?

பாகிஸ்தானிலிருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறியவர் ஒருவர். அவர் மீது ஒரு கிரிமினல் வழக்கு. மொழிபெயர்ப்பாளரின் துணையோடு சாட்சி சொன்னார். பத்துப் பேர் குற்றவாளி என்றார்கள். இருவர் இல்லை என்றார்கள். அங்கே 1967 முதல் பத்துக்கு இரண்டு போதும். அவருக்குத் தண்டனை கிடைத்தது.

சில நாட்கள் கழித்து ஒரு ஜூரர் எதிரியின் வக்கீலுக்குக் கடிதம் எழுதினார். இத்தனை ஆண்டுகள் இங்கே இருந்தவருக்கு இங்கிலீஷ் தெரியாதா, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டது தந்திரம் என்று மற்றவர்கள் பேசினார்கள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை என்பது கடிதத்தின் சாரம்.

2004-ம் ஆண்டு ஜனவரியில் பிரபுக்கள் சபை நீதிபதிகள் ஐவர் தீர்ப்புச் சொன்னார்கள். காசு சுண்டியோ ஆவியைக் கேட்டோ ஜூரர்கள் மொத்தமாகவே கடமையைக் கைவிட்டால் அது வேறு விஷயம். மற்றபடி ஆலோசனை அறைப் பேச்சைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்றார்கள் நால்வர். தண்டனை நிலைத்தது.

ஸ்டெய்ன் பிரபு ஒருவர் மட்டும் மாறுபட்டார். ஜூரர்களின் இரகசியத்தைக் காப்பதற்காக ஓர் அநீதியை நிற்க விடுவதா என்பது அவருடைய கவலை.

இன்னொரு ஜூரரின் கதை இன்னும் பரிதாபம். சகோதரர்கள் இருவருக்குத் தண்டனை கொடுத்த வழக்கில் இருந்தவர் அவர். சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று மற்றவர்கள் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொன்னதாக அவர் நினைத்தார். மனம் உறுத்தியது. அந்தச் சகோதரர்களின் தாயாருக்குக் கடிதம் எழுதினார். தாயாருக்கு நல்லது செய்ய நினைத்தவர் தாமே கூண்டில் நின்றார்! கோர்ட்டு அவமதிப்புக் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. 2005-ம் ஆண்டு பிரபுக்கள் சபையும் அதை உறுதி செய்தது. கோர்ட்டுக்கு எழுதியிருந்தால் குற்றமில்லை. வெளியாளுக்கு எழுதியதுதான் குற்றம் என்றார்கள்.

அமெரிக்காவில்

அமெரிக்காவில் ஒரு வழக்கில் ஜூரர்கள் பகல் உணவின்போது பீர் குடித்தார்கள், கஞ்சாவும் கொக்கேனும் உட்கொண்டார்கள், பிற்பகலில் தூங்கி வழிந்தார்கள் என்று புகார் வந்தது. புகார் சொன்னவர்களும் ஜூரர்களே. 1987-ம் ஆண்டு அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அவர்களுடைய சாட்சியம் செல்லாது என்று சொல்லி விட்டது!

முப்பது ஆண்டுகள் கழித்துக் கதவு கொஞ்சம் திறந்தது. கொலராடோ மாகாணத்தில் ஒரு வழக்கு. எதிரி மெக்சிக்க இனத்தவர். ஆகவே அவர்தான் செய்திருப்பார் என்று ஒரு ஜூரர் வெளிப்படையாகவே பேசினார். சக ஜூரர்கள் இருவர் அதைச் சொன்னார்கள். 2017-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு, ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில், இன வெறுப்புத் தெளிவாகத் தெரிந்தால் இரகசியத்தை விலக்கிப் பார்க்கலாம் என்றது.

காரணம் தெரியாத தீர்ப்பு

பக்கத்து நாடான இலங்கையில் ஜூரி முறை சட்டத்திலிருந்து நீங்கவில்லை. 2006-ம் ஆண்டு நவம்பர் 10-ந் தேதி தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எம்.பி. நடராஜா ரவிராஜ் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2016 டிசம்பரில், சிங்களம் பேசும் ஜூரர்கள் முன்னால் விசாரணை நடந்தது. நடுநிசி தாண்டித் தீர்ப்பு வந்தது. எதிரிகள் ஐவரும் விடுதலை!

எந்தச் சாட்சியை நம்பவில்லை? எந்த இடத்தில் சந்தேகம் வந்தது? ரவிராஜின் குடும்பத்தார் படித்துப் பார்க்க அதில் ஒரு வரி கிடையாது. தண்டனை பெற்றவனுக்கு மட்டும் அல்ல, உயிரைப் பறிகொடுத்தவர்களுக்கும் இந்த மௌனம் பெரிய பாரம்.

நம் நாட்டில் அந்த மௌனம் இன்று இல்லை. 1959-ம் ஆண்டு பம்பாயில் நடந்த நானாவதி வழக்கு நினைவிருக்கும். மனைவியின் காதலனைச் சுட்ட கடற்படைக் கமாண்டர் நானாவதியை, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜூரர்கள் குற்றவாளி அல்ல என்றார்கள். பத்திரிகைகள் அவரைக் கதாநாயகனாகவே ஆக்கியிருந்தன. செஷன்ஸ் நீதிபதி ஒப்புக்கொள்ளாமல் வழக்கை ஐகோர்ட்டுக்கு அனுப்பினார். ஐகோர்ட்டு ஆயுள் தண்டனை விதித்தது. 1961-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. பிறகு 1973-ம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போயிற்று. இன்று நம் நீதிபதி காரணங்களை எழுதித்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

சட்டைப் பையில் ஊர் வம்பு

நானாவதி காலத்தில் ஊர்ப் பேச்சு பத்திரிகை வழியாக வந்தது. இன்று அது ஜூரரின் சட்டைப் பையிலேயே இருக்கிறது. செல்போன்!

2011-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பெண் ஜூரர், மற்ற எதிரிகளைப் பற்றிய ஆலோசனை முடியும் முன்பே, விடுதலையான ஒரு பெண்ணுடன் பேஸ்புக்கில் பேசினார். எட்டு மாதச் சிறை! மறு ஆண்டு இன்னொரு ஜூரர், எதிரியின் பழைய கதையை இண்டர்நெட்டில் தேடி எடுத்துச் சக ஜூரர்களிடம் சொன்னார். அவர் கல்லூரி ஆசிரியை. ஆறு மாதச் சிறை!

2015-ம் ஆண்டு வடக்கு இங்கிலாந்தில் இரண்டு சிறுமிகள் மீது கொலை வழக்கு. விசாரணை நடக்கும்போதே பேஸ்புக்கில் ஆத்திரப் பேச்சு வெள்ளமாகப் பெருகியது. நீதிபதி விசாரணையை நிறுத்தி ஜூரர்களைக் கலைத்து விட்டார். மறு ஆண்டு வேறு ஊரில் புதிய ஜூரர்களைக் கொண்டு விசாரிக்க வேண்டியதாயிற்று.

கதவு இரண்டு வேலை செய்கிறது. உள்ளே பேசுவது வெளியே போகாமல் காக்கிறது. வெளியே பேசுவது உள்ளே வராமலும் காக்கிறது. இரண்டாவது வேலைதான் இன்று கடினம்.

தட்டினால் கேட்க வேண்டும்

2015-ம் ஆண்டு இங்கிலாந்து தன் சட்டத்தைத் திருத்தி எழுதியது. ஜூரர் தானாகத் துப்புத் துலக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை. ஆலோசனையை வெளியே சொன்னாலும் அப்படியே. ஆனால் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அறைக்குள் தவறு நடந்தது என்று கருதும் ஜூரர் கோர்ட்டிலும் போலீசிலும் முறைப்படி சொல்லலாம். பத்திரிகைக்காரரிடமும் பேஸ்புக்கிலும் சொல்லக் கூடாது.

சொல்ல வேண்டிய நேரம் எது? அதுதான் முக்கியம். தீர்ப்புக்கு முன்னால் நீதிபதிக்கு ஒரு சீட்டு அனுப்பினால் போதும். தவற்றை அங்கேயே திருத்தலாம். ஒரு வாரம் கழித்து எழுதும் கடிதம் சிறையில் இருப்பவனுக்கு உதவாமல் போகலாம். இதனால்தான் அங்கே நீதிபதிகள் விசாரணை தொடங்கும்போதே ஜூரர்களிடம் சொல்லி விடுகிறார்கள்: தவறு கண்டால் உடனே சொல்லுங்கள், முடியும் வரை காத்திருக்காதீர்கள் என்று.

பட்டினி கிடந்தும் மனம் மாறாத புஷலைக் காப்பதற்காக வந்தது இந்த இரகசியம். காசு சுண்டியவர்களுக்கும் இனம் பார்த்தவர்களுக்கும் அது முகமூடி ஆகக் கூடாது.

அறை பூட்டியே இருக்கட்டும். ஆனால் உள்ளே இருந்து ஒருவர் கதவைத் தட்டினால், அந்தச் சத்தம் நீதிபதியின் காதில் விழ வேண்டும்!